ரேஸ் காருக்கு மூக்கு ஒட்டிய நாள்

கண்ணு,

பக்கத்து அறையில் நீ பெட்டிக்குள் துணிகளை அடுக்குவதும் மறுபடி எடுப்பதுமாக இருக்கும் சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது. நாளைக்கு நீ குஜராத்துக்கு ரயில் ஏறுகிறாய். கடலோரத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்கும் ஊரில், கயிற்றில் தொங்கிக்கொண்டு, விரிசல் விட்ட இறகுகளைச் சரிசெய்யப் போகிறாய். அந்த இறகும் ஃபைபர்தான். கண்ணாடி இழைத் துணியும் ரெசினும். காங்கேயம் ரோட்டுப் பட்டறையில் நானும் உன் அப்பாவும் பஸ் முகப்புக்கும் வேன் பம்பருக்கும் ஒட்டுகிறோமே, அதே குடும்பத்துச் சாமான். உனக்கு வேலை உறுதியான நாளிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. போன வாரம் பல்லடம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக் காற்றாடிகள் தெரிந்தன. பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம், "அதுல ஏறித்தானுங்க என்ற பையன் வேலை செய்யப் போறான்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். எனக்கு அதுவே பெருமையாக இருந்தது.

உன் அப்பாதான் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று மத்தியானம் சாப்பாட்டில், "எதுக்கு அந்த உசரத்துக்கு? தரையில இருக்கற வேலை பத்தாதா?" என்றார். நீ பாதித் தட்டோடு எழுந்துவிட்டாய். அவர் பட்டறைக்குப் போய்விட்டார். நான் நடுவில் சோற்றுப் பானையோடு உட்கார்ந்திருந்தேன். உங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு எதையும் சொல்லி முடிக்க என்னால் முடியாது, ஆளுக்கொரு பக்கம் நடந்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். ரயிலில் படித்துக்கொள். நீ உடுமலைப் பக்கம் விடுதியில் தங்கிப் படித்தபோது இங்கே நடந்த ஒன்றைச் சொல்லப்போகிறேன். லீவுக்கு வந்தபோது மேலோட்டமாகக் கேட்டிருப்பாய். முழுசாக நான் யாருக்கும் சொன்னதில்லை.

நான் முதலில் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நின்றவள் என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா தகரத்தில் கெட்டிக்காரர். எந்தக் காரின் எந்தக் கதவு நசுங்கி வந்தாலும் தட்டியே நேராக்கிவிடுவார். ஆனால் அந்த வருஷங்களில் வண்டிகளே மாற ஆரம்பித்தன. ஆம்னி பஸ்களின் முகப்பு, வேன்களின் பம்பர், ஆட்டோவின் கூரை என்று ஒவ்வொன்றாக ஃபைபருக்குப் போனது. ஃபைபரைச் சுத்தியலால் தட்டினால் நேராகுமா, இன்னும் உடையும். "உடைஞ்சா உடைஞ்சதுதானுங்க, புதுசு வாங்கி மாட்டுங்க" என்று அப்பா வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது, அப்படித் திரும்பிப் போகவிருந்த ஒரு பஸ்ஸின் உடைந்த மூலையைத் தொட்டுப் பார்த்தேன். கிழிந்த ஓரத்தில் நூல் நூலாக நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு நூலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். "ஏனுங்க, இது தகரமே இல்லீங்க. இது துணி. கஞ்சி போட்டு வெறைச்ச துணியாட்ட இருக்குது" என்றேன். அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. துணி என்றால் எனக்குத் தெரியும், அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

சாயப்பட்டறைகளில் ஃபைபர் தொட்டிகளுக்கு ஒட்டுப்போடுகிற ஆட்கள் வேலை செய்வதை நின்று பார்த்தேன். வெட்கப்படாமல் கேட்டேன். உடைந்த இடத்தின் உள்பக்கத்தைச் சுற்றிலும் அகலமாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். ரெசினில் அளவாகக் கேட்டலிஸ்ட் கலக்க வேண்டும், அதுதான் ரெசினை இறுக வைக்கிற மருந்து. மேட் என்று சொல்லும் கண்ணாடி இழை விரிப்பை வெட்டி வைத்து, ரெசினில் நனைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் உருளையால் உருட்ட வேண்டும். முதல் சில மாதம், அப்பா அரை மனசாக விட்ட பஸ் முகப்புகளில் மட்டும் ஒட்டுப்போட்டேன். கை முழுக்க இழைத் தூள் குத்தி அரிக்கும். இரண்டு கையிலும் பவுடரைக் கொட்டிக்கொண்டு வேலை செய்வேன். ஆனாலும் காய்ந்த ஒட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, அது டங்கென்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது எனக்குப் பனியன் கம்பெனியில் கிடைத்ததே இல்லை.

அப்படி இருந்தபோதுதான் ஒரு சனிக்கிழமை காலையில், ஆம்னி வேன் ஒன்று பட்டறை முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண். உன்னைவிடச் சில வயது பெரியவள். ஜீன்ஸ் பேண்ட், முட்டியில் கிரீஸ். பின்கதவைத் திறந்து ஒரு சாக்கை இழுத்துக் கீழே கொட்டினாள். மஞ்சள் நிறத்தில் உடைந்த துண்டுகள். "அக்கா, நீங்கதானுங்களா ஃபைபர் ஒட்டறது? இது என்ற காரோட மூக்குங்க" என்றாள்.

அவள் பெயர் சுகன்யா. அவளுடைய அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர், ஊரில் தோட்டமும் உண்டு. மகள் கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் மைதானத்தில் ரேஸ் கார் ஓட்டுகிறாள். ஒற்றை ஆள் உட்காரும் சின்னக் கார், சக்கரங்கள் வெளியே தெரியும். முந்தின நாள் பயிற்சியில் ஓரத்து டயர் அடுக்கில் மோதி முன்பாகம் சிதறிவிட்டது. அவளுக்கு அடியில்லை. சேஸிஸுக்கும் ஒன்றுமில்லை. மாற்று மூக்கு வெளியூரிலிருந்து வரவேண்டும், வருவதற்குள் ரேஸ் முடிந்துவிடும். "நாளைக்கு மத்தியானம் ரேஸுங்கக்கா. நான் ஓட்டலைன்னா என்ற சீட்டை டீம்காரங்க வேற பையனுக்குக் குடுத்துருவாங்க. அதுக்குன்னே காத்துட்டு இருக்காங்க" என்றாள். அழவில்லை. ஆனால் சாக்கின் வாயைப் பிடித்திருந்த கையை விடவே இல்லை.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "புள்ள, இது பஸ் மூஞ்சி இல்ல. அத்தன வேகத்துல இது பிச்சுட்டுப் போயி அந்தப் புள்ள மூஞ்சில அடிச்சா என்ன பண்றது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் சுகன்யாவிடம் அதையே கேட்டேன். மூக்கை எங்கே, எப்படி மாட்டுவார்கள், காற்று எந்தப் பக்கம் தள்ளும், போன தடவை எங்கிருந்து உடைய ஆரம்பித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினாள். பிடிமானம் முழுக்க போல்ட் மாட்டும் நான்கு மூலைத் துளைகளில் இருந்தது. அந்த இடம் கெட்டியாக இருந்தால் மற்றது தாங்கும் என்று எனக்குப் புரிந்தது. பயம் போகவில்லை. பயத்தோடு சேர்ந்து கைகள் துறுதுறுவென்று வந்தன. உனக்கும் அப்படி வரும். உயரத்தில் போய் நிற்கும்போது பயமே இல்லாவிட்டால்தான் நீ எனக்குப் போன் செய்ய வேண்டும், கண்ணு. பயம் கேட்கிற கேள்விகளை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு வேலையைத் தொடங்கு.

துண்டுகளைத் தரையில் பரப்பி ஒன்றோடொன்று பொருத்தினோம். இடது பாதி கிட்டத்தட்ட முழுசாக வந்தது. வலது பக்கத்தில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் துண்டே இல்லை, மைதானத்தில் தூளாகிவிட்டது. துண்டுகளை வெளிப்பக்கம் டேப் ஒட்டி இறுக்கினால் உள்ளே ஒட்டலாம். இல்லாத இடத்துக்கு எதன்மேல் ஒட்டுவது? பிறகு கட்டிங் டேபிளில் செய்வதையே செய்தேன். நல்ல இடது பக்கத்தின்மேல் பேப்பரை வைத்து வளைவுக்கு ஏற்றபடி மடித்து, கீறி, பேட்டர்ன் எடுத்தேன். அதை அப்படியே திருப்பிப் போட்டால் வலது பக்கம். அந்தப் பேப்பரை உன் அப்பாவிடம் நீட்டி, "இந்த அளவுக்கு, இந்த வளைவுக்கு மெல்லிசாத் தகரம் தட்டித் தர முடியுங்களா?" என்று கேட்டேன்.

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அதுவரை கதவோரம் நின்று வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தவர், பேப்பரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முடியுங்களாவா?" என்றார். மணல் மூட்டைமேல் தகரத்தை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். தட்டுவார், இடது பக்கத்தைக் கையால் தடவிப் பார்ப்பார், மறுபடி தட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். சுகன்யா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தத் தகரத்தை வெளிப்பக்கம் வைத்தபோது, கார் மூக்கின் வளைவு அங்கே இருந்தது. ரெசின் தகரத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தரைக்குப் போடும் மெழுகைப் பூசித் தேய்த்தோம்.

இனி என் வேலை. மேட்டைக் கத்தரித்து அடுக்கிவைத்தேன். அவசரத்தில், சீக்கிரம் இறுகட்டும் என்று முதல் மக்கில் கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டேன். சித்திரை வெயில் வேறு. பிரஷ்ஷை முக்கி நாலு இழுப்பு இழுப்பதற்குள் மக் கையைச் சுட்டது. ரெசின் கொதித்துப் புகைந்தது. அப்பா என் கையிலிருந்து அதைப் பிடுங்கி வாசலில் மணலில் வீசினார். பிளாஸ்டிக் மக் உருகிக் கோணலாகி, உள்ளே ரெசின் கல்லாகி வெடித்துக் கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். முதலில் சிரித்தது சுகன்யாதான். "அக்கா, எனக்கும் முதல் வளைவுல இப்படித்தானுங்க ஆகும்" என்றாள். பூசின இடத்தைத் துடைத்துத் தேய்த்துவிட்டு, அடுத்த தடவை சின்னச் சின்ன மக்கில், அளந்து கலந்தேன். உனக்கு அங்கே இதெல்லாம் மிஷினே அளந்து கொடுக்கும் என்று சொன்னாய். கொடுக்கட்டும். ஆனாலும் பக்கத்தில் நிற்பவன் அவசரப்படுத்தினால் நீ அவசரப்படாதே. ரெசினுக்குத் தேவையான நேரத்தை அது எடுத்தே தீரும்.

ஒன்றில் எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தது. நான் எல்லா இடத்திலும் இன்னும் ஒரு அடுக்கு போடப் பார்த்தேன். "வேண்டாங்கக்கா, எடை ஏறுனா வண்டி திரும்பாது" என்று தடுத்தாள். "உடைஞ்சா?" என்றேன். "எடை ஏறுனாலும் தோத்துருவேன், உடைஞ்சாலும் தோத்துருவேன். நடுவுல ஒண்ணு பாத்துக் குடுங்க" என்றாள். யோசித்து, நான்கு மூலைத் துளைகளைச் சுற்றி மட்டும் கெட்டியான நெய்த மேட்டை அடுக்கடுக்காக வைத்தேன். மற்ற இடங்களில் அவள் சொன்னபடி விட்டேன். பொழுது சாய்வதற்குள் எல்லாம் இறுகிவிட்டது. அப்பா தகரத்தின் ஓரத்தில் மெல்ல நெம்பினார். மெழுகுப் பளபளப்போடு அது கழன்று வந்தது. வளைவு அப்படியே நின்றது. நான் நாணயத்தை எடுத்து மூக்கு நெடுகத் தட்டிக்கொண்டே போனேன். உள்ளே காற்று நின்றால் வரும் வெற்றுச் சத்தம் எங்கும் இல்லை. பெயிண்ட் அடிக்க நேரமில்லை. இடது பாதி மஞ்சள், வலது பாதி தேன் நிறம். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "நாளைக்கு நாமளும் போலாமா?" என்று கேட்டது நான் இல்லை, உன் அப்பாதான்.

ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர், ரெசின், பனியன் வேஸ்ட் துணி எல்லாம் தூக்கிக்கொண்டு அவள் வேனிலேயே மைதானத்துக்குப் போனோம். அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவேன்? காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. மூக்கை மாட்டிப் பார்த்தால் ஒரு துளை விரல் அகலம் தள்ளி நின்றது. காயும்போது லேசாக முறுக்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. அப்பா ட்ரில்லை வாங்கிப் புதுத் துளை போட்டார், பழைய துளையை நான் அடைத்தேன். காரை ரேஸுக்கு விடலாமா என்று பார்க்கும் அதிகாரி வந்து, மூக்கின்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். ஆட்டிப் பார்த்தார். குனிந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். "யார் செஞ்சது?" என்றார். சுகன்யா எங்களைக் கைகாட்டினாள். அவர் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார். அதுதான் சம்மதம் என்று அவள் சொல்லித்தான் தெரியும்.

உன் அப்பா கருவிகளோடு கார்களின் பக்கம் நின்றுகொண்டார். நான் கம்பி வேலியோரம் போனேன். அங்கே வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"அம்மிணி, நீங்க யாரோட வந்தீங்க?" என்று கேட்டார்.

"மூக்கு ஒட்டுனவங்க நாங்கதானுங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "நான் அவளோட அப்பனுங்க" என்றார். "வர வேண்டாம்னுதான் இருந்தேன். ஊட்டுல இருக்க முடியலீங்க. ஆனா பாக்கவும் முடியாதுங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க."

அப்படித்தான் நான் ரேஸ் பார்த்தேன் கண்ணு, அவருக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. கொடி விழுந்தது. கார்கள் எல்லாம் ஒரே வடிவத்தில் இருந்தாலும் பாதி மஞ்சளும் பாதி தேனுமாக இருந்த மூக்கை என்னால் எங்கிருந்தும் கண்டுபிடிக்க முடிந்தது. "முதல் வளைவு போயிட்டாங்க. உள்பக்கமாப் போறாங்க. ஒரு நீலக் காரைத் தாண்டிட்டாங்க." அவர் தலையைக் குனிந்து, "ம், ம்" என்றார். "வந்துட்டாங்க, நம்மளைத் தாண்டிப் போறாங்க." "ம்." "செவப்புக் கார் பின்னாலயே ஒட்டிட்டுப் போறாங்க." பிறகு எனக்கு வாய் நின்றுவிட்டது.

"ஏன் அம்மிணி நிறுத்திட்டீங்க? சொல்லுங்க."

"இடிச்சுட்டுதுங்க."

"ஆரு?"

"நம்ம புள்ளைங்க. செவப்புக் கார் திடீர்னு பிரேக் போட்டுட்டான். அவன் சக்கரத்துல மூக்கு இடிச்சுட்டுதுங்க." புழுதி கிளம்பி எதுவும் தெரியவில்லை. நான் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். நாலு மூலை, நாலு மூலை என்று மட்டும் மனசுக்குள் ஓடியது. புழுதிக்குள்ளிருந்து சிவப்புக் கார் ஓரமாக நகர்ந்தது. அதன் பக்கத்திலேயே தேன் நிறம் தெரிந்தது. "இருக்குதுங்க" என்றேன். "மூக்கு இருக்குதுங்க. போறாங்க. தாண்டிட்டாங்க."

அந்தப் பெரியவர் திரும்பினார். ஒரு அடி முன்னால் வந்து, என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரேஸ் முடிகிற வரை அவர் கண்ணை எடுக்கவே இல்லை. கடைசிச் சுற்றில், "உட்றாத கண்ணு, உட்றாத" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

அவள் நாலாவதாக வந்தாள். கோப்பை கிடையாது. ஆனால் சீட் அவளிடமே இருந்தது. நானும் அந்தப் பெரியவரும் கார்கள் வந்து நிற்கும் இடத்துக்குப் போனோம். இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றித் தன் அப்பாவைத்தான் முதலில் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து மூக்கைப் பார்த்தாள். ஓரத்தில் கறுப்பாக ஒரு டயர் தேய்ப்பு, நகத்தளவு ஒரு கீறல். "அக்கா, அவ்வளவுதானுங்க" என்று கத்தினாள். அப்புறம்தான் அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் முன்னால் வந்து மூக்கின்மேல் கை வைத்துத் தடவி, "நல்லாத்தான் ஒட்டியிருக்காங்க" என்றார். மகளிடம் அன்றைக்கு அவர் பேசியது அது மட்டும்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த மாதமே அந்த மைதானத்திலிருந்து இன்னும் இரண்டு கார்கள் வந்தன. அதற்கப்புறம் உன் அப்பா எந்த ஃபைபர் வண்டியையும் திருப்பி அனுப்பியதில்லை.

இதை எதற்கு இப்போது சொல்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நேற்று நீ தட்டை வைத்துவிட்டு எழுந்தபோது உன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வேலியோரம் முதுகைக் காட்டி நின்றவரின் முகம்தான் அது. கோபம் இல்லை, கண்ணு. பார்க்கத் தைரியம் வரவில்லை. இன்று காலை நீ கடைக்குப் போயிருந்தபோது அவர் உன் பையைத் திறந்து, உன்னுடைய கயிற்றுப் பெல்ட்டின் தையல் ஒவ்வொன்றையும் விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார். கொக்கியைப் பூட்டித் திறந்து பார்த்தார். நான் வந்ததும், "தையல் நல்லாத்தான் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நாளைக்கு ஸ்டேஷனிலும் அவர் உன்னைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டில் வாங்கப் போவார், பேப்பர் வாங்கப் போவார். நீயாகப் போய் அவர் கையைப் பிடி. முதல் நாள் மேலே ஏறி இறங்கியதும் அவருக்குத்தான் முதலில் போன் செய். நேராக அவரிடம் பேசு, என் வழியாக வேண்டாம். என்ன கயிறு, எப்படி மாட்டுகிறார்கள், உடன் இருப்பவன் எப்படிப்பட்டவன், எல்லாம் சொல். அவர் "ம், ம்" என்றுதான் சொல்வார். நிறுத்தாதே, சொல்லிக்கொண்டே இரு. ஒருநாள் அவராகவே கேள்வி கேட்க ஆரம்பிப்பார்.

எனக்கு அப்புறம் போன் செய்தால் போதும். ஆனால் எனக்கு விவரமாக வேண்டும். அவ்வளவு நீளமான இறகை எந்த அச்சில் வார்த்திருக்கிறார்கள், உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள், கையால் தட்டினால் என்ன சத்தம் வருகிறது, காற்று அடிக்கும்போது மேட்டை எப்படிப் பறக்காமல் பிடிக்கிறீர்கள், எல்லாம் வேண்டும். விசிட்டர்களைக் கீழே நின்று பார்க்க விடுவார்களா என்று கேட்டுச் சொல். விடுவார்கள் என்றால் நான் வருகிறேன், உன் அப்பாவையும் இழுத்துக்கொண்டு வருகிறேன். மேலே ஏற்றுவார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பார். வெட்கப்படாமல் கேள். என் அம்மாவும் இதே வேலைதான் செய்கிறாள் என்று சொல்.

அம்மா